எதிர்வீட்டு அத்தையின் விரல்கள்

“அந்தத் தெருவை உனக்குத் தெரியும்னு சொல்ற. சரி. அந்தத் தெருவுக்கு உன்னைத் தெரியுமா?”

வேலைக்கான நேர்காணலில் டாக்டரம்மா என்னிடம் கேட்டது இது. செவிலிமேட்டில் ஒரு மாடி வீட்டின் கீழ்ப்பகுதியில்தான் அவருடைய அலுவலகம் இருந்தது. நான் மடியில் வைத்திருந்த சான்றிதழ் கோப்பை அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை.

“தெரியும் மேடம். நான் பொறந்த தெரு” என்றேன்.

“பொறந்தது தெரிஞ்சிருக்கும். படிச்சிட்டு வந்தப்புறம்?”

எனக்குக் கோபம் வந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தின் உள்ளே கால் வைத்த முதல் ஆள் நான்தான். அப்பா பால் பல் விழும் வயதிலேயே தறியில் உட்கார்ந்தவர். அம்மா பஸ்ஸை அதன் நிறத்தை வைத்தும் கண்டக்டர் கூவுவதை வைத்தும்தான் கண்டுபிடிப்பார். நான் சமூகப்பணியில் முதுகலை முடித்து, கறுப்பு அங்கி போட்டு எடுத்துக்கொண்ட படம் தறிக்கு மேலே சாமி படங்களோடு மாட்டியிருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் அம்மா அதற்கும் சேர்த்துத்தான் கற்பூரம் காட்டுவார். அப்படிப்பட்ட என்னைப் பார்த்து, பெயர்ப் பலகைகூட வைக்காத அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு ஒரு வயதான அம்மாள் இப்படிக் கேட்கிறார்.

வேலை கிடைத்தது. ஆனால் அவரை நான் நம்பவில்லை.

போனில் தேடிப் பார்த்தேன். பல வருடங்களுக்கு முன்னால், வேறு ஊரில் ஒரு பழைய மனநல மருத்துவமனையில் பெண்கள் வார்டுக்கு மருத்துவராகப் போனவர். பூட்டிக் கிடந்த வார்டுகளைத் திறக்க வைத்தவர். எங்கே பார்த்தாலும் ‘முன்னோடி’ என்று எழுதியிருந்தார்கள். பொன்னாடை போர்த்தும் படங்கள் நிறைய இருந்தன. எல்லாப் படத்திலும் அந்தப் பொன்னாடையை, யாரோ கொஞ்ச நேரம் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனதுபோலக் கையில் வைத்திருந்தார். அதுவும் ஒரு நடிப்பாக இருக்கலாம் என்று தோன்றியது. இவ்வளவு பேர் எடுத்தவர் ஓய்வுபெற்ற பிறகு வீட்டில் உட்காராமல் எங்கள் ஊருக்கு ஏன் வர வேண்டும்?

அவரைப் பற்றி ஒரு கதை உலவியது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் வார்டு சாவியைக் கிணற்றில் தூக்கிப் போட்டுவிட்டாராம். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது ஒருநாள் அதைக் கேட்டுவிட்டேன்.

“கிணத்துல எல்லாம் போடல. வீட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போயிட்டேன். திரும்பக் குடுக்க மாட்டேன்னு சொன்னேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன. பூட்டை உடைச்சுட்டு இன்னும் பெரிய பூட்டா வாங்கிப் போட்டாங்க.” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “சாவியை ஒளிச்சு வெச்சா கதவு திறந்துடும்னு நெனைச்ச வயசு அது.”

இன்னொரு கதையும் உண்டு. வார்டில் முகம் பார்க்கும் கண்ணாடி கிடையாது. உடைத்துக் கையை அறுத்துக்கொள்வார்கள் என்று தடை. இவர் தன் சொந்தச் செலவில், முகம் தெரிகிற அளவுக்குப் பளபளப்பான எவர்சில்வர் தட்டுகளை வாங்கிக் கொடுத்தாராம். சாப்பாட்டுத் தட்டு என்பதால் யாரும் தடுக்க முடியவில்லையாம். பத்திரிகைக்காரர்களுக்கு ரொம்பப் பிடித்த கதை. எனக்கு நம்பிக்கை வரவில்லை. கதை அவ்வளவு நன்றாக இருந்ததே முதல் சந்தேகம்.

அவர் செய்ய வந்த காரியம் சுலபமாகச் சொல்லக்கூடியது. மருத்துவமனையில் வருடக்கணக்காக இருந்த பெண்கள் சிலருக்கு இனிமேல் அங்கே இருக்க வேண்டிய தேவை இல்லை. மாத்திரை சாப்பிட்டால் போதும். ஆனால் கூட்டிக்கொண்டு போக ஆள் இல்லை. அவர்களை விடுதியிலோ இல்லத்திலோ அடைக்காமல், ஒரு சாதாரணத் தெருவில் சாதாரண வாடகை வீட்டில் குடிவைக்க வேண்டும். துணைக்கு ஒரு ஆள். மற்றபடி எல்லோரையும்போலத் தண்ணீர் பிடித்து, சமைத்து, பக்கத்து வீட்டோடு சண்டை போட்டு வாழ வேண்டும். அந்த வீட்டைப் பிடிப்பதுதான் என் வேலை.

சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் தெரு முழுக்க எனக்குச் சொந்தம் என்று நினைத்திருந்தேன். கேட்க ஆரம்பித்ததும் ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டது. பக்கத்து வீட்டுப் பெரியம்மா தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்.

“படிச்சிட்டு வந்து ஏசி ரூம்ல உக்காருவான்னு பாத்தா, பைத்தியத்துக்கு வீடு புடிக்கிற புரோக்கரா ஆயிட்டாளே.”

“பைத்தியம்னு சொல்லாதீங்க பெரியம்மா.”

“சரி, நீயே சொல்லு. புரோக்கர்னு சொல்லலாமா?”

கிட்னி எடுக்கிறார்கள் என்றார்கள். புது மாத்திரையை அந்தப் பெண்களிடம் கொடுத்துச் சோதிக்கிறார்கள் என்றார்கள். இதற்கெல்லாம் மறுப்புச் சொல்லிக்கொண்டே, எனக்குள்ளும் அதேபோல ஒன்று ஓடிக்கொண்டிருந்ததை யாரிடமும் சொல்லவில்லை.

கடைசியில் எங்கள் எதிர்வீடு கிடைத்தது. வீட்டுக்காரர் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி வேலைக்குக் குடிபோய்விட்டதால் அது பூட்டிக் கிடந்தது. அப்பா போய்ப் பேசினார். தெருவில் இருப்பவர்கள் இரண்டு நிபந்தனை போட்டார்கள். வைகாசி கருட சேவை முடிகிறவரை பார்ப்போம், சரிப்படாவிட்டால் காலி செய்துவிட வேண்டும். அதுவரை, துணைக்கு இருக்கிற அக்கா கடைக்குப் போனால் வெளியே பூட்டிவிட்டுத்தான் போக வேண்டும்.

பூட்டுகளைத் திறக்க வைத்தவர், இரண்டாவது நிபந்தனைக்கு மறுபேச்சே பேசாமல் தலையாட்டினார். என் சந்தேகம் இன்னும் ஒரு படி ஏறியது.

மூன்று பெண்கள் வந்தார்கள். ஒருவர் வந்த அன்றே அடுப்படியைக் கைப்பற்றிக்கொண்டார். ஒருவர் பெரும்பாலும் தூங்கினார். மூத்தவர் எதுவும் பேசவில்லை. முகத்தில் ஒரு அசைவும் இருக்காது. நடக்கும்போது சின்னச் சின்ன அடியாக, தரை வழுக்குமோ என்று பயந்தவர்போல நடப்பார். சாப்பிட உட்காரும்போது மட்டும், சோறு விழுவதற்கு முன்னால் காலித் தட்டை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்து, நெற்றி முடியை ஒதுக்கிக்கொள்வார். அதைப் பார்த்த அன்று, தட்டுக் கதை உண்மையாக இருக்கலாம் என்று ஒத்துக்கொண்டேன். தட்டுக் கதையை மட்டும்.

வந்த சில நாளில் அவர் வாசல்படியில் உட்கார ஆரம்பித்தார். வலது கை மடியில் இருக்கும். கட்டைவிரல், ஆள்காட்டி விரல் நுனியின் மேல் உருண்டுகொண்டே இருக்கும். நிற்காது.

பெரியம்மா குடத்தோடு போனவர் நின்றுவிட்டார். குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் குனிந்து அந்தக் கையையே பார்த்தார்.

“இது பாவு பிணைக்கிற கை” என்றார்.

தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்தான் பாவு. ஒரு பாவு முடிந்ததும் புதுப் பாவை ஏற்றும்போது, பழைய நூலின் நுனியையும் புது நூலின் நுனியையும் இழை இழையாகச் சேர்க்க வேண்டும். விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, இரண்டு நுனியையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டி முறுக்குவோம். ஆயிரக்கணக்கான இழை. எங்கள் தெருப் பெண்கள் டிவி பார்க்கும்போதும் கை சும்மா இருந்தால் உருட்டிக்கொண்டிருப்பார்கள். பார்த்தால் அச்சாக அதேதான்.

அன்று சாயங்காலத்துக்குள் தெரு மாறிவிட்டது. அதுவரை ‘அது’ என்று சொன்னவர்கள் ‘அத்தை’ என்றார்கள். யார் வீட்டிலிருந்தோ காரக்குழம்பு போனது. அவருக்கு ஒரு வாழ்க்கையையும் தெருவே நெய்து கொடுத்தது. ஆரணிப் பக்கம் தறிக்காரர் வீட்டில் பிறந்தவராம். மாமியார் கொடுமையில் புத்தி பிசகிவிட்டதாம். “நம்ம சனத்தக் கொண்டாந்து ஆஸ்பத்திரில போட்டு பூட்டி வெச்சிருந்துக்கிறாங்க. இத அந்த டாக்டரம்மா நம்மகிட்ட சொல்லவே இல்ல பாத்தியா” என்று என்னிடமே வந்து குறைப்பட்டார்கள். இப்போது அவர்களுக்கும் டாக்டரம்மா மேல் சந்தேகம், வேறு காரணத்துக்கு.

எனக்கு அந்த விரலைப் பார்த்ததும் வகுப்பில் படித்தது ஞாபகம் வந்தது. பழைய காலத்து மருந்துகளை அதிக அளவில் பல வருடம் கொடுத்தால் கை இப்படி நடுங்கும். முகம் இறுகும். நடை சின்னதாகும். மூன்றும் அவரிடம் இருந்தன. ஆனாலும் எங்கள் தெருக்காரியாகப் பார்த்தால் அது பாவு பிணைக்கிற கைதான். எந்தக் கண்ணால் பார்ப்பது என்று எனக்கே தெரியவில்லை.

பெரியம்மா வீட்டில் பாவு முடிந்தபோது, எதிர்வீட்டுக்கு வந்து அத்தையின் கையைப் பிடித்து எழுப்பினார். “வா அத்தை. சும்மா குந்திக்கினு இருந்தா கை மறந்துடும்.” நானும் கூடவே போனேன். தறிக்குப் பக்கத்தில் அத்தையை உட்கார வைத்து, கொட்டாங்குச்சியில் சாம்பலை அவர் எதிரில் நகர்த்தினார் பெரியம்மா. அத்தை விரலால் சாம்பலைத் தொட்டார்.

“பாத்தியா” என்றார் பெரியம்மா என்னிடம்.

அத்தையின் விரல்கள் உருட்டிக்கொண்டே இருந்தன. நூல் அங்கே தொங்கிக்கொண்டிருந்தது. விரல்கள் இங்கே வெறுமனே உருண்டன. நடுவில் ஒரு இழைகூட இல்லை. பெரியம்மா அதைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்து, அத்தையின் பங்கு இழைகளையும் தானே எடுத்து முறுக்க ஆரம்பித்தார்.

“மறந்துபோச்சு. வரும்” என்றார். என் பக்கம் திரும்பி, “இன்னா பாக்கற? வேலை இல்லியா உனக்கு?” என்றார்.

அன்றைக்கே தெருவில், பாதிப் பாவை அத்தைதான் பிணைத்ததாகச் சொல்லிவிட்டார்.

மறுநாள் செவிலிமேட்டுக்குப் போய் டாக்டரம்மாவிடம் நேராகக் கேட்டேன்.

“அந்தக் கை மருந்தால வந்ததுதானே மேடம்?”

“ஆமா.”

“தெருவுல என்ன பேசிக்கறாங்கன்னு தெரியுமா?”

“தெரியும். துணைக்கு இருக்கிற பொண்ணு சொல்லுச்சு.”

“அப்ப நீங்க ஏன் சொல்லல?”

“யாரும் என்னைக் கேக்கல. கேட்டா சொல்வேன். பொய் சொல்ல மாட்டேன்.”

“கேக்காத வரைக்கும் உங்களுக்கு வசதி” என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

அவர் கோபப்படவில்லை. முதன்முதலில் இப்படி ஒரு வீடு பிடித்த கதையைச் சொன்னார். வேறு ஊர். வீட்டுக்காரரிடம், இவர்கள் எல்லாம் ஓய்வுபெற்ற டீச்சர்கள் என்று சொல்லிவிட்டாராம். “ஒருநாள் பக்கத்து வீட்டுப் பொண்ணு கணக்குல சந்தேகம் கேக்க நோட்டைத் தூக்கிக்கிட்டு வந்துடுச்சு. அன்னிக்கே வீடு போச்சு. எல்லாரையும் திரும்ப வார்டுக்கே கூட்டிக்கிட்டுப் போனேன். கதவுகிட்ட போனதும் இவங்க என் புடவையைப் பிடிச்சுக்கிட்டாங்க.”

“எவங்க?”

“உங்க தெரு அத்தை. அதுக்கப்புறம்தான் பேசறதை நிறுத்தினாங்க. இன்னொரு தடவை நான் கூட்டிக்கிட்டுப் போய் விட்டேன்னா, அப்புறம் யார் கூப்பிட்டாலும் வெளிய வரமாட்டாங்க. வாழ்நாள் முழுக்க அங்கதான்.”

அப்போதுதான் அந்த வீட்டில் என்ன பணயம் வைக்கப்பட்டிருக்கிறது என்று எனக்கு உறைத்தது. கூடவே இன்னொன்றும் உறைத்தது. “மருந்தைக் குறைச்சுக்கிட்டுத்தான் வரேன்” என்றார் டாக்டரம்மா. “கொஞ்ச நாள்ல கை நின்னுடும். நின்னா உங்க தெரு என்ன பண்ணும்? நீதான் சொல்லணும். உனக்குத் தெரிஞ்ச தெரு.”

திரும்பி வந்தேன். கையை நிறுத்தினால் வீடு போகும். வீட்டுக்காக நிறுத்தாமல் விட்டால் அது வைத்தியமா? அவர் எதைச் செய்வார் என்று தினமும் எதிர்வீட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விரல்கள் மெதுவாகின. நடுநடுவே நின்று, பிறகு ஞாபகம் வந்ததுபோல உருண்டன. பங்குனி போய்ச் சித்திரை பிறந்தபோது மொத்தமாக நின்றுவிட்டன. அத்தையின் நடை நீண்டது. தலையைத் திருப்பி ஆட்டோவைப் பார்த்தார். ஒருநாள் அடுப்படிக்காரம்மாவிடம், ரசத்தில் உப்பு இல்லை என்று சொன்னார். அந்த வீட்டில் அன்று எல்லோரும் உப்பில்லாத ரசத்தைச் சந்தோஷமாகச் சாப்பிட்டார்கள்.

தெருவில் யாரும் சந்தோஷப்படவில்லை. பெரியம்மா இன்னும் இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

“இன்னாடி மருந்து குடுக்கறீங்க அதுக்கு? கை செத்துப்போய்க் கெடக்குது.”

“பெரியம்மா, அத்தை நல்லா ஆயிட்டு வர்றாங்க. நடக்கறாங்க, பேசறாங்க.”

“நடக்கறது யாருக்கும்மா வேணும்? தொழில் போச்சே. கையில இருந்த வித்தைய மாத்திரை போட்டு அழிச்சிட்டாங்க. பழைய மருந்தையே குடுக்கச் சொல்லு.”

அம்மா என்னைப் பார்த்தார். சொல்லு, படித்தவள்தானே என்கிற பார்வை. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள், திறந்திருந்த எதிர்வீட்டு வாசலிலிருந்து அத்தையே இறங்கி வந்து எங்கள் படிக்குக் கீழே நின்றார். எங்கள் தெரு அகலம் இல்லை. பேசியதெல்லாம் அவருக்குக் கேட்டிருக்கும்.

“எனக்குத் தறி வேலை தெரியாது” என்றார். குரல் கரகரவென்று இருந்தது. “எங்களுது நெலத்துல வேர்க்கல்ல போடற குடும்பம். மாகறல் பக்கம். ரெண்டு மாடு இருந்துச்சு.”

பெரியம்மாவின் முகம் சுருங்கியது. ஏமாற்றப்பட்டவரின் முகம்.

“அப்ப அன்னிக்கு ஏன் சாம்பலத் தொட்ட?”

“நீதானே எதிர்ல வெச்ச. தொடலன்னா கோவிச்சுப்பியோன்னு தொட்டேன்.”

மருத்துவமனையில் இருந்தவர்கள் எதிரில் வைத்ததை மறுக்காமல் தொடுவார்கள் என்று எனக்குப் புரிந்தது. பெரியம்மாவுக்கும் ஏதோ புரிந்திருக்க வேண்டும். ஆனால் புரிந்தது கோபத்தைக் குறைக்கவில்லை. “நம்ம எல்லாரையும் முட்டாள் ஆக்கிட்டாங்க. கூப்பிடு உங்க டாக்டரம்மாவ” என்றார்.

கருட சேவைக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, பிள்ளையார் கோவில் எதிரில் தெரு கூடியது. மின்வாரியக்காரர்கள் உற்சவத்துக்காக ஒயரைத் தூக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். டாக்டரம்மா டவுன் பஸ்ஸில் வந்து இறங்கி, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். அத்தை எங்கள் அம்மா பக்கத்தில் நின்றிருந்தார். ஒரு கையால் அம்மாவின் புடவைத் தலைப்பைப் பிடித்திருந்தார். அதை நானும் பார்த்தேன், டாக்டரம்மாவும் பார்த்தார்.

“அந்தக் கை எதனால வந்துச்சு?” என்று பெரியம்மா கேட்டார்.

“மருந்தால. அளவுக்கு மீறிக் குடுத்த மருந்து.”

“எங்களுக்குத் தெரியாது. உங்களுக்கு அப்பவே தெரியுமா?”

“மொதல்லயே தெரியும்.”

“யார் குடுத்தது அத?”

“நாங்கதான். ஆஸ்பத்திரி டாக்டருங்க. நானும் எழுதியிருக்கேன்.”

கூட்டத்தில் சலசலப்பு. என் சந்தேகங்கள் எதிலும் இது இல்லை. கிட்னி, விருது, பேர், புகழ் எல்லாம் யோசித்திருந்தேன்.

“அப்பறம் உங்கள நாங்க எப்படிம்மா நம்பறது?” என்றார் அப்பா. அப்பா கூட்டத்தில் பேசி நான் பார்த்ததில்லை.

“நம்ப வேணாம்” என்றார் டாக்டரம்மா. “அங்க எங்களை யாரும் சந்தேகப்படல. நாங்க எழுதினது மருந்து, நாங்க பூட்டினது நல்லதுக்கு. கேக்க ஆள் இல்ல. அந்தக் கை அத்தனை வருஷம் அங்க ஆடிச்சு, ஒருத்தரும் நின்னு பாக்கல. நான் பாத்ததே ரொம்ப லேட்டு. இங்க இந்தம்மா தண்ணிக் குடத்தோட போறப்பவே பாத்துட்டாங்க. கை நின்னதும் என் மேல சண்டைக்கு வந்துட்டாங்க. எனக்கு அது போதும். சந்தேகப்படறவங்க பக்கத்துல இருந்தாத்தான் இவங்க பத்திரமா இருப்பாங்க. அதுக்குத்தான் தெருவுல வீடு கேட்டேன். உங்க நல்ல மனசுக்காகக் கேக்கல.”

கடைசி வாக்கியம் யாருக்கும் பிடிக்கவில்லை. எனக்கும் பிடிக்கவில்லை. கூட்டத்தில் சொல்லக்கூடிய வாக்கியமா அது? ஆனால் அந்த வாக்கியத்துக்குப் பிறகுதான் பெரியம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்.

“அப்ப தினம் காலைல வந்து இன்னா மாத்திரை குடுக்கறீங்கன்னு நான் பாப்பேன். பரவால்லியா?”

“பாருங்க.”

“கலர் மாறுனா கேப்பேன்.”

“கேளுங்க.”

“தறி வேல கத்துக் குடுத்தா செய்யுமா அது?” என்று அத்தையைக் காட்டிக் கேட்டார்.

அத்தையே பதில் சொன்னார். “வேணாம். ஒரே எடத்துல குந்திக் குந்தி அலுத்துப்போச்சு.”

யாரோ சிரித்தார்கள். பெரியம்மா சிரிக்கவில்லை. ஆனால் ‘அத்தை’ என்ற வார்த்தையை அவரால் திரும்ப எடுத்துக்கொள்ள முடியவில்லை. “கொழுப்பப் பாரு அத்தைக்கு” என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

தெரு இருக்கலாம் என்று சொல்லவில்லை. போகச் சொல்லவும் இல்லை. கருட சேவையன்று விடியற்காலையில் கூட்டம் எங்கள் தெரு முனை வரைக்கும் நெரிந்தபோது, அத்தை வேகவைத்த வேர்க்கடலையைப் பொட்டலம் கட்டி எங்கள் அம்மாவோடு நின்று விற்றார். உப்பு சரியாக இருந்தது. பெரியம்மா ஒரு பொட்டலம் வாங்கி, ஒரு கடலையை உடைத்து முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் போட்டார்.

உற்சவம் முடிந்ததும் வீட்டுக்காரர் போன் செய்தார். அவர் காதுக்கு எல்லாம் போயிருந்தது. “அந்த டாக்டரம்மா பேர்ல இனிமே அக்ரிமென்ட் போட மாட்டேன். தெருவுல இருக்கறவங்க யாராச்சும் பேரு குடுத்தா வீடு. இல்லன்னா காலி பண்ணிடுங்க.”

அப்பா யோசித்தார். பெரியம்மா, “மாத்திரை பாக்கறேன்னு சொன்னேன். பேரு குடுக்கறேன்னு சொல்லல” என்றார். அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “உன் பேர மட்டும் குடுத்துடாத. நாளைக்குப் பொண்ணு பாக்க வர்றவங்க எதிர்வீடு யாருதுன்னு கேட்டா இன்னா சொல்றது?” என்றார்.

“என்னுதுன்னு சொல்லு” என்றேன்.

செவிலிமேட்டுக்குப் போய் டாக்டரம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். என் பேரில் எடுப்பதானால், மூன்று பேருக்கும் என்ன மருந்து, எவ்வளவு, ஏன் என்று எனக்கு மாதாமாதம் விளக்க வேண்டும் என்றேன்.

“என் மேல சந்தேகமா?”

“ஆமாம் மேடம்.”

அவர் சிரித்து அப்போதுதான் முதல் முறையாகப் பார்த்தேன். “சரி” என்றார். முதல் நாள் கேட்ட கேள்வியை நான் மறக்கவில்லை. அதற்குப் பதில் சொல்லலாமா என்று பார்த்தேன். அவர் அதற்குள் வேறு ஏதோ தேட ஆரம்பித்துவிட்டார். அவரைப் பற்றி இன்றைக்கும் எனக்கு முழுசாக ஒரு முடிவு இல்லை. நல்லவர் என்று சொன்னால் அந்தப் பழைய மருந்து ஞாபகம் வருகிறது. அதை மட்டும் சொன்னால் எவர்சில்வர் தட்டு ஞாபகம் வருகிறது.

போன வாரம் அக்ரிமென்டில் கையெழுத்துப் போட்டேன். ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை படித்துவிட்டு, என் முழுப் பெயரையும் படிப்பையும் எழுதினேன். வெளியே பூட்டுவது பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. அது தெரு வாய்வழியாகப் போட்ட நிபந்தனை. கருட சேவையோடு அதன் கெடு முடிந்துவிட்டது.

நேற்று பஸ் ஸ்டாண்டு பக்கத்துச் சாவிக் கடையில் எதிர்வீட்டுச் சாவிக்குப் பிரதி எடுத்தேன். எதிர்வீட்டில் இருக்கும் மூன்று பேருக்கும் ஆளுக்கு ஒன்று. அத்தை தன்னுடையதை வாங்கி, கதவைச் சாத்தித் திறந்து, சாத்தித் திறந்து பார்த்துவிட்டு முந்தானையில் முடிந்துகொண்டார். பெரியம்மாவுக்கும் ஒன்று கொடுத்தேன்.

டாக்டரம்மாவுக்கு எடுக்கவில்லை. வந்தால் கதவைத் தட்டட்டும்.